அண்ணனுக்கு வந்த பூஜ்யம்

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்து லிஃப்ட் லேசாக முனகினாலும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. தன் ஈரலில் கட்டி எடுத்த பிறகு, ஸ்கேனுக்கு வா என்றால் மட்டும் மூக்கால் அழுதான்.

"வாலு, நீதானே ஜீன் பார்த்து யாரு தேறுவாங்கன்னு கணக்குப் போடற? எனக்கும் போடு. நல்ல பக்கம்னா நாளைக்கு ஸ்கேனுக்கு வரேன். கெட்ட பக்கம்னா எதுக்கு வெட்டி அலைச்சல்?"

வாலு என்பது நாற்பதைத் தாண்டிய அவன் தங்கை. புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. நோயை எதிர்க்கும் செல்கள் ஈரல் கட்டிக்குள் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று காட்டும் ஜீன்களை வைத்து, ஆளுக்கொரு மதிப்பெண் போட்டு, நடுவில் கோடு கிழித்து நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று பிரிப்பாள். அண்ணன் கட்டியின் ஒரு துண்டும், அவன் சம்மதத்தோடு, அங்கே வந்திருந்தது. இது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளுக்கு ஜோசியம் இல்லை என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவள், அண்ணன் கேட்டதும் தன் வகுப்புக்குத் தானே மட்டம் போட்டாள்.

பதற்றத்தில் அவனுடைய கணக்கை மட்டும் கணினியில் தனியாக ஓட்டினாள். எல்லா ஜீனுக்கும் பூஜ்யம்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. "ஆபத்து சைபரா? பரவாயில்லையே."

ஆமாம் என்றால் போதும், நாளைக்குச் சமர்த்தாக வந்துவிடுவான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"இல்லண்ணா. கும்பலோட சராசரியைக் கழிச்சுத்தான் மார்க். உன்னை மட்டும் போட்டுட்டேன். உனக்கு நீயே சராசரி, அதான் பூஜ்யம்."

"இவ்வளவு படிச்ச லட்சணம் இதுதானா?"

"இதுதான்."

"சரி, கும்பலோட போடு."

போட்டாள். திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கெட்ட பக்கம்தான். ஆனா நடுக்கோடு நாங்க போட்டது. எப்பவுமே பாதிப் பேர் அந்தப் பக்கம் விழுந்தே ஆகணும்."

அண்ணன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தேம்பப் போகிறவள் அவள்தான் என்று தெரிந்தோ என்னவோ, முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"அந்தப் பக்கத்து ஆளுங்கள்ல யாராவது நல்லா இருக்காங்களா?"

"நிறைய பேர்."

"அவங்கல்லாம் ஸ்கேனுக்குப் போனாங்களா?"

"போனாங்க. போனதாலதான் நல்லா இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியும்."

அவன் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினான்.

"காலைல சீக்கிரம் கிளம்பி நில்லு. வழக்கம்போல லேட் பண்ணே, விட்டுட்டுப் போயிடுவேன்."