வலிக்கு லீவு இல்லை

"எந்தக் கைய்யா?" என்று அவன் திரையைப் பார்த்து முணுமுணுத்தான். யாரோ கதவிடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். விரல் நசுங்கியது என்று எழுதிய டாக்டர், இடதா வலதா என்று எழுதவில்லை. அது தெரியாமல் எண் போட்டு அனுப்பினால் காப்பீட்டுக்காரர்கள் போன வேகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. டாக்டர்கள் எழுதியதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போடுவதுதான் அங்கே வேலை. அவனுக்குக் கையும் மணிக்கட்டும். வெட்டு, சுளுக்கு, நகம் பெயர்ந்தது என்று நாள் முழுக்கக் கைகளாகவே வரும். அதனால் அறையில் எல்லோருக்கும் அவன் கைராசி.

விரல்காரரை ஒதுக்கிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தான். முகவரி அவன் வீட்டு முகவரி.

அக்கா பெட்டி அடுக்கும் கிடங்கில் வேலை செய்கிறாள். முந்தின நாள் மேல் தட்டிலிருந்து பெட்டியை இழுக்கும்போது ஸ்டூல் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். கம்பெனி வேனிலேயே இங்கே கொண்டுவந்து காட்டினார்கள். அத்தனைக்கும் டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி: 'வலது மணிக்கட்டில் வலி.'

அவன் எழுந்து மேடத்திடம் போனான். அறைக்கு அவர்தான் பொறுப்பு.

"மேடம், இது எங்கக்கா ஃபைல். வேலை செய்யிற எடத்துல விழுந்தா. வெறும் வலின்னு எழுதியிருக்காரு."

"அது உனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே. எழுதாததப் போடாதேன்னு புதுசா வர்றவங்களுக்கு நீதான சொல்லிக்குடுக்குற?" மேடம் குரலை உயர்த்தவில்லை. "சொந்தக்காரங்க ஃபைல நீ தொடவும் கூடாது. பக்கத்து சீட்டுக்குத் தள்ளு. டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொல்றேன்."

அன்று வீடு திரும்பியபோது அக்கா வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடங்கு சூப்பர்வைசர் போன் பண்ணியிருந்தான்.

"வலிதானம்மா, வந்துருங்கங்கறான். வலிக்கு லீவு இல்லையாம். வேலையில பட்ட காயத்துக்குத்தானாம். ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"வலி எதனால வேணா வரலாம்க்கா. காயம்னா எப்படி ஆச்சு, எங்க ஆச்சுன்னு சேர்த்துப் போடணும். கிடங்குலன்னு போட்டா கம்பெனி பதில் சொல்லணும்."

"டாக்டர்கிட்ட நான் சொல்ல வாயெடுத்தேன். கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கிட்டு, கை வலிக்குதாம் சார்னு முடிச்சுட்டான்."

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றான். டாக்டர் கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். மணிக்கட்டை லேசாக அழுத்தினார். அக்கா பல்லைக் கடித்தாள்.

"சுளுக்குதான். தசைநார் இழுத்திருக்கு. மாத்தி எழுதிடறேன்."

"எங்க விழுந்தாங்கன்னும் எழுதணும் சார்."

"கேட்டு எழுதறேம்பா. அடுத்த ஆளை விடு."

யாரைக் கேட்டு என்று அவன் கேட்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாலைக்குள் பதில் வந்துவிட்டது. "ஏ கைராசி, ஒண்ணு விடாம எழுதியிருக்காருடா" என்று பக்கத்து சீட்டுக்காரன் கூப்பிட்டான். அவன் எட்டிப் பார்த்தான். வலது மணிக்கட்டில் சுளுக்கு. ஸ்டூலிலிருந்து விழுந்தது. நடந்த இடம்: வீடு.

"போடாத. ஒரு நிமிஷம் இரு."

டாக்டர் அறைக்குப் போன் போட்டான். நர்ஸ் எடுத்தாள். "கம்பெனிக்காரங்க, வீட்டுலதான் விழுந்தாங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார். மாத்தணும்னா அவங்களே மாத்திக் குடுக்கணும்."

"விழுந்தவங்க சொல்றது கணக்குல வராதா?"

"என்னைக் கேட்டா நான் என்ன சார் சொல்றது?"

அதற்குள் மேடம் பின்னால் வந்து நின்றிருந்தார். திரையை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார்.

"எங்கக்கா பொய் சொல்லல மேடம்."

"சொன்னாங்கன்னு யாரு சொன்னா?" அவனைப் பார்க்காமல் பக்கத்து சீட்டுக்காரனிடம் திரும்பினார். "இப்ப எல்லாம் தெளிவா இருக்கு. அனுப்பிருப்பா."

பக்கத்து சீட்டுக்காரன் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குரிய எண்ணைத் தட்டினான்.

காலையில் அக்கா சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். ராத்திரி அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளே கேட்டாள்.

"என்னடா எழுதினாங்க?"

"சுளுக்குன்னுதான். ஆனா நீ வீட்டுல ஸ்டூல்லேர்ந்து விழுந்துட்டேன்னு."

அக்கா அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுருட்டி வைத்த பாய், அடுப்பு, கொடியில் துணி.

"நம்ம வீட்டுல ஏதுடா ஸ்டூலு?"

பிறகு வலது கையை அவனிடம் நீட்டினாள். "கையில்லாதவன் மாதிரி நிக்காத. இந்தப் பட்டனப் போட்டு விடு. சட்டக் கை திறந்து கெடந்தா அந்த சூப்பர்வைசர் கத்துவான்."

அவன் குனிந்து சட்டைக் கையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தான். வீக்கத்தைத் தாண்டித் துணி வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தான். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. பட்டன் துளையின் ஓரத்தைத் தொட்டு நின்றது.

"இன்னும் கொஞ்சம் இழு," என்றாள்.