இரண்டு தடவை வாசித்த பெயர்

ஞாயிறு பூசையில் என் புருஷன் பெயரை இரண்டு தடவை வாசித்தார்கள். முதலில் உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டுக் கருத்துகளில்: கடலுக்குப் போன மரியான் சுகமாகத் திரும்பி வர. கொஞ்சம் கழித்து இறந்தவர்களுக்கானதில்: மரியானின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. முதலாவதை எழுதிக் கொடுத்தது மாமியார். இரண்டாவது, கொழுந்தன் ஷிஜின். ஒரே வீட்டில் சோறு தின்கிறவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. உபதேசியாரும் கொடுத்ததைக் கொடுத்தபடி வாசித்துவிட்டார், நல்ல மனுஷன். கோயிலில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட பாடு பிடரியிலேயே தெரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மதியக் குழம்புக்குத் தேங்காய் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் சண்டை.

"உயிரோட இருக்கவனக் கொன்னுட்டியேலே," என்றார் மாமி.

"வள்ளம் மறிஞ்சப்ப நான் கூட இருந்தேம்மா. அண்ணனுக்க கை விட்டுப் போனத என் கண்ணால கண்டேன்."

"கை போனதக் கண்ட. செத்ததக் கண்டியா?"

உடல் கிடைக்கவில்லை. ஏதாவது கப்பல்காரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று மாமி மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பங்குச்சாமி என்னிடம் வந்தார். "டீச்சர், நீங்க ஒண்ணு சொல்லுங்க. வர்ற ஞாயிறு அத மட்டும் வாசிப்போம்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை மாசமாக என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வந்தபோது கேட்கிற கேள்வியைப் பார். "சொல்லுதேன்," என்றேன்.

திங்கட்கிழமை நான் கணக்கு எடுக்கிற பத்தாம் வகுப்பில் சார்பு, அதாவது ஃபங்ஷன். பலகையில் x = y² என்று எழுதினேன். y என்பது x-இன் சார்பா? ஒரு x-க்கு ஒரே ஒரு y இருந்தால்தான் சார்பு. x நான்கு என்றால் y இரண்டாகவும் இருக்கலாம், மைனஸ் இரண்டாகவும் இருக்கலாம்.

"ரெண்டுல எது டீச்சர் சரி?" என்றாள் ரெஜிஷா.

"ரெண்டும் சரிதான். அதனாலதான் இது சார்பில்ல."

"சார்பா ஆக்க முடியாதா?"

"முடியும். மைனஸ் வேண்டாம்னு நாமளே முதல்ல சொல்லிரணும். அப்ப ஒண்ணுதான் மிஞ்சும்."

"எத விடணும்னு கணக்கு சொல்லாதா?"

"சொல்லாது. கணக்கு போடுதவங்கதான் சொல்லணும்."

சொன்னபிறகுதான் வகுப்பு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது. முந்தின நாள் அந்தப் பூசையில் இருந்த பிள்ளைகள். நான் பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத இடத்தையும் அழித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சட்டையைத் துவைத்து மடித்து வைக்கிறேன். யாரிடமாவது அவரைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் 'இருக்காரு' என்பதா 'இருந்தாரு' என்பதா என்று தெரியாமல் பேச்சையே விட்டுவிடுகிறேன். காத்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை. இப்படி எத்தனை காலம் மரக்கட்டையாக இருக்க முடியும்?

சாயங்காலம் பங்குச்சாமி வீட்டுக்குப் போனேன். "மரிச்சவங்களோட வாசியுங்க, சாமி."

வீட்டுக்கு வந்து மாமியிடமும் சொன்னேன். "நான்தான் சொன்னேன், மாமி. ஷிஜின ஏசாதீங்க."

மாமி எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மாமியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உபதேசியார் முதலில் உயிரோடிருப்பவர்களை வாசித்தார். பரீட்சை எழுதுகிறவர்கள், துபாய்க்குப் போகிறவர்கள், பேறுகாலத்துக்கு நிற்கிறவள். நானே வேண்டாமென்ற பெயர். ஆனாலும் என் காது அந்தப் பெயருக்காகத்தான் காத்துக் கிடந்தது. வரவில்லை. அடுத்த தாளை எடுத்தார். இறந்தவர்களுக்காக. மரியான்.

ஒரே தடவைதான்.

எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை, சத்தம் போட்டே அழுதேன். இந்தத் தடவை கோயிலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். மாமி மட்டும் பீடத்தைப் பார்த்தபடியே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.