பாலகுமாரின் பொடி

பாலகுமார் இறந்தபின் அவனுடைய பொடியில் ஒரு சிட்டிகைதான் மிச்சம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். சேர்த்துப் பார்த்தால் சாம்பல் நிறம். நீரில் போட்டு வெயிலில் வைத்தால் அது நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க வேண்டும். எங்கள் கொடைக்கானல் ஆய்வகத்தில் அவன் பொடிதான் அதிக ஹைட்ரஜன் தந்தது. பிறகு அவன் போன ஜீப்மேல் மரம் விழுந்தது. அவன் வழியிலேயே கோடையில் நான் செய்த பொடி எதுவும் அப்படிப் பொங்கவில்லை.

ஆக்சிஜனை நாங்கள் அதுவரை அளந்ததில்லை. ஹைட்ரஜனில் பாதியளவு அதுவும் வந்தால்தான் ஆய்வுக்கட்டுரை. அதில் முதல் பெயர் அவனுடையது.

சோதனையைப் பார்க்க அவன் மனைவி தேவகுமாரி பெரும்பாறையிலிருந்து வந்திருந்தாள். மொட்டைமாடியில் வைத்த குடுவையை முறைத்தாள்.

"இவதானா அந்த மகராசி? வீட்டுல என்கூடப் பேசினதவிட இதப் பத்திப் பேசினதுதாங்க அதிகம். எந்நேரமும் வெயிலு வெயிலும்பாரு. குடியிருந்தது கொடைக்கானல்ல!"

சிரித்தோம். மேகம் விலகியது. குடுவைக்குள் குமிழிகள் ஏறின.

"வருது பாருங்க! பாப்பா கேட்டா சொல்லலாம், உங்கப்பா தண்ணியில இருந்து காஸ் எடுத்தாருன்னு."

வாயுவை ஊசியில் எடுத்துப் பக்கத்து அறையிலிருந்த கருவியில் செலுத்தினேன். திரையில் ஹைட்ரஜன் எழுந்தது. ஆக்சிஜன் வரவேண்டிய இடத்தில் கோடு படுத்தே கிடந்தது. மறுபடி எடுத்தேன். அப்படியேதான்.

அவன் அந்தப் பொடியைச் செய்தது மூடுபனி மாதத்தில். பனியில் எதுவும் காயாது, கரண்ட்டும் இருக்காது. அப்போது பொடியை ஆல்கஹாலில் கழுவுவோம், வெரசாகக் காயுமென்று. மேலே காய்ந்துவிட்டது. துகள்களின் இடுக்கில் ஆல்கஹால் தங்கியிருந்திருக்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் வந்தால் கூடவே ஆக்சிஜன் வராது.

மாடிக்குத் திரும்பினேன். "சரியா வந்துச்சாங்க?"

தலையை ஆட்டினால் போதும். சந்தோஷமாக ஊர்போய்ச் சேர்வாள்.

"இது தண்ணியில இருந்து வரல, தேவகுமாரி. பாலு பொடியக் கழுவின ஆல்கஹால்ல இருந்து வருது. அது தீர்ந்தா நின்னுடும்."

அவள் குடுவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தமட்டுக்கும் சரி."

பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி மாடியை மூடியது. குமிழிகள் குறைந்து நின்றன.

"தீந்துருச்சா?"

"இல்ல. வெயில் போயிடுச்சு."

"பஸ்ஸு கெடக்கட்டும். அவரோடது தீர்றவரைக்கும் இருந்துட்டுப் போறேங்க." ஸ்டூலைக் குடுவைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நானும் உட்கார்ந்தேன். வெயில் வரவில்லை.