ஈரச் சாக்கு

தகரத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததுமே அவளுக்கு அந்த இரைச்சல் கேட்டது. சுவர்ப் பூச்சைக் காயவைக்கும் ஹீட்டர் ஃபேன். குழிக்குள்ளிருந்து வந்தது.

நகரத்தின் நட்டநடுவில், அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் அகப்பட்டது மரப் பலகைகள் பாவிய அந்தப் பழங்காலத் தெரு. பல நூறு வருடங்களாகச் சேற்றில் ஊறிக் கிடந்ததால்தான் மக்காமல் பிழைத்திருந்தது. வண்டித் தடம் அப்படியே இருந்தது. ஒரு பலகையில் யாரோ வேலையற்றவன் கத்தியால் கீறிய ஆட்டக் கட்டம்கூட. இன்று அகழாய்வு அதிகாரி பார்த்துச் சரியென்றால் பலகைகளை எடுத்துக் காப்பாற்றலாம். இல்லையென்றால் வாசலில் காத்திருக்கும் கான்கிரீட் லாரி விழுங்கிவிடும்.

விழுந்தடித்து ஏணியில் இறங்கினாள். கீழே கொழுந்தன் நின்றிருந்தான். அவள் சொல்லி பொக்லைன் ஓட்ட வந்தவன். அகழாய்வில் சின்னக் கரண்டியால் மண் சுரண்டும் அவளுக்குக் 'கரண்டி அண்ணி' என்று பட்டம் கட்டியவனும் அவன்தான். பலகைகள்மேல் அவள் போர்த்தியிருந்த ஈரச் சாக்குகள் ஓரமாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

"நல்லாப் பாத்துக்கன்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க? ஒரே சொதசொதன்னு கெடந்துச்சு. பெரிய மனுஷன் வர்ற எடமாச்சேன்னு ராத்திரியே ஃபேனைப் போட்டு வச்சேன்."

கட்டட வேலையில் குழிக்குள் தண்ணீர் நின்றால் அது எமன். அவன் பழகிய தொழில் அது. ஊறிய மரத்துக்குத் தண்ணீர்தான் உயிர் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பலகைகள் முறுக்கிக்கொண்டு பிளந்திருந்தன. ஆட்டக் கட்டத்தில் எது கீறல், எது வெடிப்பு என்று தெரியவில்லை. தொட்டாள். சில்லுச் சில்லாக உதிர்ந்தது.

"தப்பாயிடுச்சா அண்ணி?"

அவள் ஃபேனை அணைத்தாள்.

அதிகாரி வந்தார், குனிந்தார், உச்சுக் கொட்டினார். அவள் போட்டோக்களைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்தாள். படம் நல்லாத்தான் இருக்கு, ஆனால் இதைத் தூக்கினால் தூள்தானே மிஞ்சும் என்றார். யார் காயவைத்தது என்று கேட்டார். கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என் பொறுப்பு சார்."

லாரிக்கு முன்னால் குழியை வழித்துவிடச் சொல்லி மேஸ்திரி மேலிருந்து கத்தினார். கொழுந்தன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"நீயே பண்ணு. வேற ஆள்னா வாரி எறிஞ்சிடுவான்" என்றாள்.

பொக்லைன் உறுமியது. பழக்க தோஷத்தில், கட்டம் கீறிய பலகைமேல் போர்த்த ஒரு சாக்கை எடுத்தாள். அதுவும் மொறமொறவென்று காய்ந்திருந்தது.