களவா மீனுடன் ஒரு படம்

1

கடலைப் பார்க்கவே இரண்டு பேருந்து மாற வேண்டிய ஒருவன் கடலைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது என் முதல் கதை. கரையான்சாவடியில் பிரசன்னாவின் செல்போன் பழுதுபார்க்கும் கடையில், என் போனுக்குத் திரை மாற்றக் காத்திருந்தபோது காதில் விழுந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீலக்கடல் தாலாட்ட, கட்டுமரங்கள்...’

[நிறுத்திவிட்டேன். கதையில் வரும் மீனவர் எத்திராஜ் ஓட்டுவது ஃபைபர் படகு.]

2

கடலடியில் மீன்கள் அண்டும் பாறைத்திட்டைப் ‘பார்’ என்கிறார்கள். வடசென்னைக் குப்பமொன்றைச் சேர்ந்த எத்திராஜுக்கும் அவருடைய கூட்டாளிகளின் மூன்று படகுகளுக்கும் மட்டுமே தெரிந்த பார் ஒன்று இருந்தது. அங்கே தூண்டில் மட்டும்தான். இடத்தை வெளியே சொல்வதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு.

எத்திராஜின் மனைவி கண்ணம்மாவுக்குத் தம்பி இந்தப் பிரசன்னா. ஒரு ஞாயிறன்று ஆசைப்பட்டு மாமாவுடன் கடலுக்குப் போனவர், பெரிய களவா மீனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். அவர் தோளுக்குப் பின்னால் படகின் ஜிபிஎஸ் கருவி. அதன் திரையில் பார் இருக்கும் இடத்தின் எண்கள், பளிச்சென்று.

படம் கைமாறிப் போய், அடுத்த வாரமே இழுவைப் படகுகள் வந்து, கடலடியையே வாரிப்போகும் மடிவலையைப் பாரின் மேல் இழுத்தன.

(பிரசன்னாவை முட்டாளாக எழுதத் தயங்கினேன். அன்று அவருக்கு மகிழ்ச்சி, அவ்வளவுதான்.)

3

“அந்தப் படத்த அப்பவே அழிச்சிட்டேன் மாமா,” என்றார் பிரசன்னா, கடைக்கு வந்திருந்த எத்திராஜிடம்.

“நீ போன்ல அழிச்ச. அவனுங்க மிஷின்ல நம்பரு ஏறிக்கீதே, அத இன்னா பண்ணுவ?”

“நானே குப்பத்துக்கு வந்து சொல்லிட்றேன்.”

“வந்து? படத்துல நின்ன மாரியே பல்ல காட்டிகினு நிப்பியா?”

பிரசன்னா சிரிக்க முயன்றார், முடியவில்லை.

“நான்தான் வாய உட்டுட்டேன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டேன் மச்சான். இனிமே அவங்க போற எடத்துக்கு என்னிய சேக்க மாட்டாங்க. தனியாத்தான் போவணும். நீ உண்மைய சொன்னன்னு வையி, உங்கக்கா கொழாயாண்ட தலகாட்ட முடியாது. பொத்திகினு இரு. மொதல்ல சாருக்கு போன குடு, எம்மா நேரமா குந்திகினு கீறாரு.”

4

முடிவு ஒன்று: பிரசன்னா கடையை மூடிவிட்டுக் குப்பத்துக்குப் போகிறார். எத்திராஜுக்குக் கூட்டாளிகள் திரும்பக் கிடைக்கிறார்கள்; ஏச்சு கண்ணம்மாவுக்குப் போகிறது.

முடிவு இரண்டு: பிரசன்னா வாய் திறப்பதில்லை. எத்திராஜ் தனியாகவே

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

ஆகவே, தாங்களே தேர்ந்துகொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எதைத் தேர்ந்தாலும், ஏற்கெனவே போனவை இவை:

பார் ஒன்று.
அதில் அண்டிய களவாவும் சங்கராவும்.
நான்கு படகுகளின் தூண்டில் தொழில்.
அந்த நால்வருக்கு இடையில் இருந்த பேச்சு.