துடுப்புக்காரி உட்கார்ந்த வாரம்

எனக்கு வாய் நீளம். ஊரே சொல்வதை நான் மறுத்து என்ன ஆகப்போகிறது? அந்த வாயால்தான் அந்த வாரம் எனக்கு வந்து சேர்ந்தது.

முப்பத்துநாலு வருடமாக எங்கள் படகில் துடுப்பு போடுகிறவள் நான். பின்பலகையில் உட்கார்ந்து மூன்று தூண்டில்களையும் பார்த்துக்கொள்கிறவன் என் கணவன் ஆல்கோட். சால்மன் மீன் கடலிலிருந்து எங்கள் ஆற்றில் ஏறிவரும் ஜூன் மாதத்தில் இந்த ஏற்பாடு ஒருநாளும் மாறியதில்லை. படகின் மூக்கை வருகிற தண்ணீரைப் பார்த்துத் திருப்பி, ஆறு இழுக்கிற வேகத்துக்குச் சற்றே குறைவாகத் துடுப்பு போடவேண்டும். படகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஆற்றைத் துழாவிக்கொண்டே இறங்கும். பின்னால் மூன்று நூல்களில், முள் மாட்டிய மூன்று பொய்மீன்கள் ஆடிக்கொண்டு வரும். எந்தக் கல்லின் மறைவில் சால்மன் படுத்திருக்கும், அதன் மூக்குக்கு முன்னால் பொய்மீனை எவ்வளவு நிதானமாகக் கொண்டுபோய்க் காட்டவேண்டும், எல்லாமே துடுப்பில் இருக்கிறது. பின்பலகையில் இருப்பவருக்கு வேலை காபி குடிப்பது.

மீன் கடித்ததும் அவர் எழுந்து தூண்டிலைப் பிடிப்பார். பிறகு மீன்பிடி அனுமதிச் சீட்டு விற்கிற கடையின் கரும்பலகையில் அவர் பெயர் ஏறும். துடுப்பு போட்டவர் பெயர் எழுத அந்தப் பலகையில் இடமே கிடையாது.

அந்த வருடம் பருவம் திறந்த முதல் வாரத்திலேயே ஆல்கோட் ஒன்பது கிலோவில் ஒன்றைக் கரையேற்றினான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடையில் எல்லோரும் கூடியிருந்தோம். பக்கத்துப் படகுக்காரன் கௌக்கோ, எங்கள் பக்கத்து வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டுகள் மிதக்கிற காபியைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"மொத்தக் கணக்குல இது எத்தனாவது ஆல்கோட்? எண்பத்தேழா? கை ராசிய்யா உனக்கு."

என்னால் பொறுக்க முடியவில்லை.

"கை ராசியாம்! எண்பத்தேழு தடவையும் மீன் வாய்க்குள்ள கொண்டுபோய்க் குடுத்தது நானு. துடுப்பு போடறவங்கதான் மீன் பிடிக்கிறாங்க. இவன் சுருட்டி எடுக்கிறான், கொடியில காயற துணிய எடுக்கிற மாதிரி."

கடை முழுக்கச் சிரித்தது. ஆல்கோட் சிரிக்கவில்லை. அவன் அதிகம் பேசுகிற ஆளில்லை. பேசினால் ஒரு வாக்கியம்.

"அப்ப நீ உக்காரு. நான் போடறேன்."

கௌக்கோவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நாட்டாமை மாதிரி எழுந்து நின்று நிபந்தனைகளை அடுக்கினான். வாராவாரம் ஞாயிறு மூடுகிற ஆறு, நாளை திங்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மீன்பிடிக்கத் திறக்கும். அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு மூடும். அதற்குள் நான் ஒரு சால்மனைப் பிடித்தால் பலகையில் என் பெயர். பிடிக்காவிட்டால் சாகிறவரை துடுப்பு போடவேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

"இன்னொண்ணு ஐலி," என்றான். "மீன் வரலேன்னா துடுப்பு சரியில்லேன்னு சொல்லக் கூடாது. உக்காந்து காபி குடிக்கிறதுதானே? குடி பாப்போம்."

வெளியே கெத்தாகச் சிரித்தேன். உள்ளே எனக்கு அது வேண்டியிருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அறுபது வயதில் ஒரு தடவையாவது அந்தப் பலகையில் என் பெயரைப் பார்க்கவேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி ஆசைப்பட்டேன்.

திங்களன்று ஆல்கோட் படகைக் கல்லில் ஏற்றினான். செவ்வாயன்று கௌக்கோவின் நூல்களுக்குக் குறுக்கே போய் மூன்றையும் சிக்கலாக்கினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் இடது துடுப்பு நீளம் என்றான். புதன்கிழமை முழுக்க ஒரே சுழலில் மூன்று தடவை சுற்றினோம். நான் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்திருப்பதில் இருக்கிற கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. முழங்கால் விறைத்துப்போகும், கொசு காதுக்குள் போகும், மூன்று தூண்டில் நுனிகளையும் இமைக்காமல் பார்க்கவேண்டும். அதையெல்லாம்விடக் கொடுமை, ஒருவன் தப்பாகத் துடுப்பு போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. வியாழனன்று ஒரு மீன் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வெள்ளி, சனி இரண்டு நாளும் மழை, காற்று, வெறும் படகு.

ஞாயிறு விடிந்தபோது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இறங்கினோம்.

இங்கே ஆல்கோட்டின் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அவன் அக்கரைக்காரன். அக்கரை ஸ்வீடன், இக்கரை பின்லாந்து. நடுவில் ஓடுவது ஓர் ஆறும் ஒரு மணி நேரமும். அங்கே மணி ஆறு அடித்தால் எங்களுக்கு ஏழு. என்னைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவன், வீட்டை மாற்றினான், தேவாலயத்தை மாற்றினான், கைக்கடிகாரத்தை மட்டும் மாற்றவில்லை. அது இன்னும் அம்மா வீட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் கடிகாரம் கட்டிக்கொள்வதில்லை. நேரம் வேண்டுமானால் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன், ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். யோசித்துச் செய்கிற காரியம் அல்ல அது. மூச்சு விடுகிற மாதிரி. கைபேசியை நம்பிப் படகில் ஏறினால் பைத்தியம்தான் பிடிக்கும். படகு அக்கரைப் பக்கம் போனால் அவர்கள் நேரம் காட்டும், இக்கரைப் பக்கம் வந்தால் எங்கள் நேரம் காட்டும்.

அன்று முழுக்க நேரம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆல்கோட் துடுப்பை இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு வாரத்தில் கை கொஞ்சம் படிந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரிய கல்லின் கீழே இரண்டு தடவை, மணல் திட்டின் ஓரம் மூன்று தடவை, அக்கரைப் பாறைக்குக் கீழே எத்தனையோ தடவை போனோம். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முன்னால் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். முள் ஆறைத் தாண்டி இரண்டு நிமிடம் காட்டியது.

"முடிஞ்சுபோச்சு," என்றேன். "ஏழு தாண்டிடுச்சு."

அவனும் குனிந்து பார்த்தான். "ஆமா," என்றான். "தாண்டிடுச்சு."

நூல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொசு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படகைக் கரைப்பக்கம் திருப்பினான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது: ஆற்றில் எங்களுக்கு மேலே ஐந்தாறு படகுகள் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தன. முதலில் இருந்தது கௌக்கோ. எனக்கு நிபந்தனை போட்ட நாட்டாமை, ஆறு மூடியபிறகு திருட்டு மீன் பிடிக்கிறான்! அழுகையெல்லாம் கோபமாகிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன்.

"யோவ் கௌக்கோ! வெக்கமா இல்ல உனக்கு? ஏழு ஆச்சு, நூலை எடு!"

"என்னது?"

"ஏழு ஆச்சுன்னேன்! திருடா!"

கௌக்கோ தன் கடிகாரத்தைப் பார்த்தான். படகில் இருந்த மச்சானிடமும் கேட்டான். பிறகு ஆறு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான்.

"காபில என்னத்தைக் கலந்து குடிச்சே ஐலி? மணி ஆறு நாலு! நம்ம நேரம் ஆறு நாலு! இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, போய்த் தூங்குறதுன்னா தூங்கு!"

நான் ஆல்கோட்டைப் பார்த்தேன். ஆல்கோட் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் காது இரண்டும் மெதுவாகச் சிவந்தன. நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான்.

"காலையில மாத்தி வச்சேன்."

"எதை?"

"முள்ளை. உங்க நேரத்துக்கு."

"முப்பத்துநாலு வருஷமா மாத்தாதவன் இன்னிக்கு எதுக்குய்யா மாத்தினே?"

"உன் வாரம். உன் நேரத்துல இருக்கட்டும்னு." கடிகாரத்தைக் கையால் மூடிக்கொண்டான். "மாத்தினதை நானே மறந்துட்டேன். நீ கூட்டினே, நானும் கூட்டிட்டேன்."

அவனைக் கட்டிக்கொள்வதா, தூக்கி ஆற்றில் போடுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு வருடத்தில் அவன் எனக்குப் பூ வாங்கித் தந்ததில்லை, நகை வாங்கித் தந்ததில்லை. தந்தது ஒரு மணி நேரம். அதையும் தந்துவிட்டு மறந்துபோயிருக்கிறான்.

"திருப்பு படகை," என்றேன். "சீக்கிரம்!"

மூன்று நூல்களையும் மறுபடி விட்டேன். கௌக்கோவுக்கு இப்போது பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. வானொலிக்காரன் மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் அறிவித்தான். "ஆறு இருபது, ஐலி!" "ஆறு இருபத்தஞ்சு, தூங்கிடாதே!" அடுத்தடுத்த படகுகளிலும் சிரித்தார்கள். ஆல்கோட் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அக்கரைப் பாறைக்குக் கீழே, தண்ணீர் கறுத்து வழுக்கிக்கொண்டு போகிற இடத்துக்குப் படகைக் கொண்டுபோய், அங்கேயே அசையாமல் பிடித்து நிறுத்தினான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நடுத்தூண்டில் அப்படியே வளைந்தது. நூல் சுற்றிய உருளை அலறியது.

அடுத்து நடந்ததற்குப் பழக்கதோஷம் என்றுதான் பெயர். ஆல்கோட் இரண்டு துடுப்பையும் விட்டுவிட்டுத் தூண்டிலைப் பிடிக்கப் பாய்ந்தான். நான் தூண்டிலை விட்டுவிட்டுத் துடுப்பைப் பிடிக்கப் பாய்ந்தேன். நடுப்படகில் இரண்டு தலையும் மோதிக்கொண்டன. படகு குறுக்கே திரும்பி, கீழே இரைகிற பாறைத் தண்ணீரைப் பார்த்துக் கிளம்பியது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரே தூண்டிலில் அவன் கை இரண்டு, என் கை ஒன்று.

"விடுய்யா!"

"நீ வந்து துடுப்பை..."

"என் மீனுய்யா அது! விடு! துடுப்பு! துடுப்பு போடு கிழவா!"

விட்டான். விரல் விரலாகத்தான் விட்டான், ஆனால் விட்டான். உட்கார்ந்து, துடுப்பைப் பொறுக்கி, நாலே இழுப்பில் படகை நேராக்கினான். நான் மற்ற இரண்டு நூல்களையும் அள்ளிச் சுற்றிவிட்டு, நடுத்தூண்டிலை எடுத்து வயிற்றில் ஊன்றிக்கொண்டேன். அப்போது அந்த மீன் தண்ணீரைவிட்டு முழுசாக மேலே வந்தது. எண்பத்தேழு தடவை துடுப்புப் பக்கத்திலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் அந்த இழுப்பு கை வழியாக நெஞ்சுக்குள் வந்து சேரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அக்கரையில் நாய்கள் குரைத்தன என்று கௌக்கோ சொல்கிறான்.

"மெதுவா! கரைக்குப் போ! நேரா இழு! அப்படித்தான், என் ராஜா, இழு!"

கரை தட்டியதும் ஆல்கோட் தொடை ஆழத் தண்ணீரில் குதித்து, கைவலையோடு நின்றான். மீன் மூன்று தடவை ஆற்றுக்குள் ஓடியது. மூன்று தடவையும் திரும்பி வந்தது. நாலாவது தடவை வலைக்குள் தலையை விட்டது.

"ஏழுக்கு ஒம்பது நிமிஷம்!" என்று ஆற்று நடுவிலிருந்து கௌக்கோவின் குரல் வந்தது. இந்தத் தடவை அதில் கேலி இல்லை. மற்ற படகுகளெல்லாம் துடுப்பால் பலகையைத் தட்டின.

பதினொன்றரைக் கிலோ. கடையில் தராசைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நான் குதித்தேன் என்பது உண்மை. கடைக்காரி சைமி எனக்குக் காபி ஊற்றிவிட்டு, சாக்கட்டியை ஆல்கோட்டிடம் நீட்டினாள். "தோத்தவன் எழுதணும்," என்றாள்.

அவன் வாங்கினான். சாக்கட்டி கீழே விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை. கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, கொப்புளம் உடைந்து, சிவந்து கிடந்தது. அந்தக் கையோடுதான் அந்த மனிதன் அந்தக் கடைசி ஒரு மணி நேரமும் இழுத்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? முப்பத்துநாலு வருஷமும்?"

"மொத வருஷம்தான். அப்புறம் தோல் தடிச்சுடும்."

கடையில் சத்தம் அடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கௌக்கோ உள்ளே நுழைந்தான். அவனால் ஒரு நல்ல அமைதியை விட்டுவைக்க முடியாது.

"இரு இரு. துடுப்பு போடறவங்கதான் மீன் பிடிக்கிறாங்கன்னு சொன்னது யாரு? இந்த ஊருக்கே தெரியும். அப்ப இது ஆல்கோட் மீனு! பலகையில யார் பேர் எழுதப்போறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பலகையில் என் பெயர் வேண்டுமானால் இத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் பொய். சொன்னது மெய் என்றால் என் பெயர் இல்லை. ஆல்கோட்டின் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கமுடியாத சிரிப்பு.

"நான் சொன்னது சொன்னதுதான் கௌக்கோ. இது ஆல்கோட் மீனு. துடுப்பு போட்டவன் அவன்." காபியைக் கீழே வைத்தேன். "அப்ப அந்த எண்பத்தேழும் யாருது?"

கௌக்கோ தலையைச் சொறிந்தான். முப்பது வருடத்தில் அவனுக்குப் பேச்சு நின்றது அன்றுதான்.

ஆல்கோட் சாக்கட்டியை மூன்றாவது தடவை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோணல்மாணலாக, பலகையில் காலியாக இருந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு எழுதினான்: ஐலி, எண்பத்தேழு. அதன் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் சின்னதாக: ஆல்கோட், ஒன்று.

மீனின் எடையை எழுத எல்லோருமே மறந்துவிட்டோம்.