எனிட் சொன்ன சரி

ஒலிப்பதிவை ஏழாவது தடவையாக ஓடவிட்டுக் கேட்டார் டெஸ்மண்ட். போலீஸ் சார்ஜென்ட்டின் குரல் கனிவாகத்தான் இருந்தது. "நடந்ததுக்கு வருத்தப்படறோம்மா. பசங்களைக் கூப்பிட்டு எடுத்துச் சொல்லியாச்சு. இத்தோட முடிச்சுக்கலாம் இல்லையா?" பிறகு எனிட் தாக்ரே என்ற எழுபத்தொரு வயது அம்மாவின் குரல்: "சரிப்பா, சரி. ரொம்ப நன்றி கண்ணு." அவ்வளவுதான். புகார்தாரர் முழுச் சம்மதத்தோடு புகாரை முடித்துக்கொண்டார் என்று போலீஸ் எழுதி அனுப்பிவிட்டது.

எனிட்டின் மகன் நெவில் பேக்கரியில் வேலை பார்த்தவன். உடம்பில் சர்க்கரை குறைந்து பேருந்து நிறுத்தத்தில் தள்ளாடியவனை, குடிகாரன் என்று போலீஸ்காரர்கள் தரையில் அமுக்கிக் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியிருந்தார்கள். தோள் உடைந்தது. இனி அவனால் மாவுத் தட்டைத் தூக்க முடியாது. அவர்கள் ஊரான கிரிம்ஸ்பியில் தெருக்காரர்கள் இன்னும் 'குடித்துவிட்டு விழுந்தவன்' என்றுதான் அவனைச் சொல்கிறார்கள். டெஸ்மண்டின் அலுவலகத்துக்கு எழுதிய எனிட் நஷ்ட ஈடு கேட்கவில்லை. அவன் குடிக்கவில்லை என்று ஒரே ஒரு வரி, அலுவலகத் தாளில் வேண்டும்.

போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரித்தால் போதாது என்றுதான் டெஸ்மண்டின் அலுவலகத்தைத் தனியாக வைத்திருக்கிறார்கள். தனி என்றால் தனிதான்: தனிக் கட்டடம், தனிக் காபி இயந்திரம். புகார்தாரரே சம்மதித்து முடித்த புகாரை மட்டும் அவர்கள் திறக்கக் கூடாது.

"அது சம்மதமே இல்ல, பிரையனி. ஃபோனை வைக்கிறப்போ நாம எல்லாரும் சொல்றதுதானே?" என்றார் மேலதிகாரியிடம்.

"எனக்குத் தெரியாதா டெஸ்? ஆனா பதிவுல இருக்கிறது சரிங்கிற வார்த்தை. குரல் போன போக்கை வெச்சு நான் என்ன எழுத முடியும்? மூடிடுங்க."

டெஸ்மண்டின் அம்மாவும் எனிட்டைப் போலத்தான், ஆறிப்போன சூப்பை வைத்தவனிடம்கூட அருமை என்பாள். "சரி," என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த வார்த்தை அவருக்கே உறைத்தது.

எனிட்டை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அந்த சார்ஜென்ட் பையன் அவ்வளவு மரியாதையாப் பேசினான் கண்ணு. மூஞ்சில அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுதாம்மா."

"அப்போ அந்த ஒரு வரி?"

"எழுத முடியாதும்மா. மன்னிச்சிடுங்க."

மறுமுனையில் எனிட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "என்னம்மா சொல்றாங்க?" என்றது. இந்த அழைப்பும் பதிவாகிக்கொண்டிருந்தது. சொல்லாதீர்கள், தயவுசெய்து அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று டெஸ்மண்ட் மனதுக்குள் கெஞ்சினார்.

"சரிப்பா," என்றார் எனிட். "ரொம்ப நன்றி கண்ணு. உன்னை வேற தொந்தரவு பண்ணிட்டேன்."

கணினித் திரையில், முடிவைப் புகார்தாரர் ஏற்றுக்கொண்டாரா என்ற கேள்வி. அதன் கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். சுட்டி இரண்டுக்கும் நடுவில் நின்று துடித்துக்கொண்டிருந்தது.